மைக்குக்குப் பிழை, மச்சாளுக்குச் சரி

8 மாதமாகக் கிளிநொச்சியில் இருந்துகொண்டு இந்தச் செயலியில் டச்சு படிக்கிறேன். கலியாண எழுத்து முடிந்துவிட்டது. இனிக் கொழும்பில் நெதர்லாந்துத் தூதரகத்தில் பேச்சு, வாசிப்பு, அந்த நாட்டைப் பற்றிய அறிவு மூன்றிலும் தேறினால்தான் அவரிடம் போகலாம்.

அந்தச் சோதனைக்கு நல்ல செயலி. பாடங்களை இறக்கி வைத்தால் சிக்னல் இல்லாமலும் ஓடும். எங்கள் வீடு இரணைமடுப் பக்கம், ஆகவே இது பெரிய விசயம். போஞ்சியும் கந்தோரும் டச்சுக்காரர் விட்டுப்போன சொற்கள்தானே, 'போன்ட்யெ', 'கன்டோர்' வந்த அன்று முழுப்புள்ளி.

என் முறைப்பாடு வேறு. இது எந்த ஊர் டச்சு என்று செயலி எங்கும் சொல்வதில்லை. காலை வணக்கத்துக்கு 'ஃகூடெமோர்ஃகெ' என்று தொண்டையைக் காறச் சொல்கிறது (நம் ஆய்த எழுத்துக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது). அவர் இருப்பதோ பிரேடாவில், பெரிய ஆறுகளுக்குத் தெற்கே. அங்கே அந்தச் சத்தம் காறாமல் அண்ணத்தை உரசி மெதுவாக வரும். அவரைக் கேட்டு அப்படியே சொன்னால் மைக் சிவப்புக் காட்டுகிறது. விடைபெற இங்கே 'டூயி', அவருடைய அயலில் 'ஹவ்டூ'. சிறுமி இங்கே 'மைஷெ', அங்கே 'மைஸ்கெ'.

வியட்நாமியம் இன்னும் மோசம். அவருடைய தமையனின் மனைவி சைகோனில் பிறந்தவர். மச்சாளோடு நாலு வார்த்தை கதைக்கலாமே என்று அதையும் தொடங்கினேன். செயலி தருவது ஹனோய்ப் பேச்சு. வட்ஸ்அப்பில் அன்னாசியைக் காட்டி 'ஸூஅ' என்றேன். கொஞ்சம் யோசித்து 'தெம்' என்றார். பாடத்தில் 'ஆவ் ஸாய்' என்ற உடுப்பு அவர் வாயில் 'ஆவ் யாய்'. அம்மா கூட ஹனோயில் 'மெ', மச்சாளுக்கு 'மா'. குரலை ஏற்றி இறக்கினால் சொல்லின் பொருளே மாறுகிற 6 தொனிகளில் இரண்டைப் பிரித்துக் கேட்க மூன்று கிழமை மல்லுக்கட்டினேன். சைகோனில் அவை இரண்டும் ஒன்றுதானாம், மொத்தமே 5 தானாம்! அழாத குறை.

எங்கள் ஒழுங்கையில் 'வாங்கோ' என்கிற வீடும், மலையகத்தில் இருந்து வந்து 'வாங்க' என்கிற வீடும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ் படிக்க வருகிறவருக்கு அதை ஒரு வரியில் சொல்லிவிடுவோம். காசு வாங்குகிற செயலிக்கு அந்த ஒரு வரி எழுத முடியாதா?

டச்சுச் சோதனைக்கென்றால் தயங்காமல் கட்டுங்கள். 5 நட்சத்திரத்தில் 3 தருவேன். வியட்நாமியச் சந்தாவை நிறுத்திவிட்டேன். ஞாயிறு பின்னேரங்களில் மச்சாளே சொல்லித் தருகிறார், இந்தக் கிழமை மீன் வகைகள்.