ஸ்டியரிங் வேலைக்குப் பாதி மாதச் சம்பளம், கிடைத்தது கறுப்புப் பெயிண்ட்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. பாதி மாதச் சம்பளம் போச்சு. இந்த மாதிரி வேலைக்கு வண்டியை விடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன், முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

மேடு பள்ளத்தில் மெதுவாக ஏறி இறங்கினால் முன்பக்கம் 'டொக் டொக்' என்று சத்தம். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் வண்டி யோசித்துத்தான் திரும்பும். முன் டயர் இரண்டும் உள்ளோரத்தில் மட்டும் மழித்த மாதிரி தேய்ந்திருந்தன. டை ராட் எண்ட் (ஸ்டியரிங் திருப்பும்போது சக்கரத்தைத் தள்ளி இழுக்கும் கம்பியின் நுனி மூட்டு) போயிருக்கும் என்று நானே நினைத்தேன்.

எல்லாக் கம்பெனி வண்டியும் பார்க்கும் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப். மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன்சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடியது. அதில் பொய்யே இல்லை, அதுதான் கொடுமை. வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டு, கழற்றியது என்று ஒரு டை ராட் எண்டை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர் உறை கிழிந்து, கிரீஸெல்லாம் மண்ணாகி, விரலால் தள்ளினாலே முனை லொடலொடவென்று சாய்ந்தது. "இதை வச்சுக்கிட்டா சார் குழந்தைகளோட போயிட்டிருந்தீங்க?" என்றார். அந்த ஒரு கேள்வியில் விழுந்துவிட்டேன். வெளி டை ராட் எண்ட் இரண்டு, அதே கம்பியின் உள்பக்க மூட்டான ரேக் எண்ட் இரண்டு, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட், கூலி எல்லாம் சேர்த்து பாதி மாதச் சம்பளம். பேரம்கூடப் பேசவில்லை. நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்!

இரண்டு நாள் சத்தம் குறைந்த மாதிரி இருந்தது (காசு கொடுத்த மனசுக்கு அப்படித்தான் கேட்கும்). மூன்றாம் நாள் அதே டொக் டொக். போன் செய்தால், "புதுசு சார், செட்டாகணும், ஓட்டுங்க." ஓட்டினேன். அப்புறம், "உங்க ரோடு சரியில்ல." அப்புறம், "டயரை மாத்திப் பாருங்க." நேரில் போனால் ஓனர் வெளியே போயிருக்கிறார், எப்போதும் வெளியேதான். வாட்ஸ்அப்பில் பில்லை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் விழவில்லை.

நேற்று ஒரு அலைன்மென்ட் கடைக்குப் போனேன். அந்தப் பையன் ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஜாயிண்ட்ல ப்ளே இருக்கு, இதுக்கு அலைன்மென்ட் பண்ணினாலும் நிக்காது" என்று கையை எடுத்துவிட்டான். மாற்றி பத்து நாள்தான் ஆகிறது என்றேன். சிரித்துக்கொண்டே டை ராட் எண்டை நகத்தால் சுரண்டினான். கறுப்புப் பெயிண்ட் உரிந்து உள்ளே துரு. நட்டு கழலாமல் குறுக்கே செருகி மடக்கும் ஸ்ப்ளிட் பின் மேலேயும் பெயிண்ட். டை ராட் எண்டை ராடோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டும் ராடும் சேருமிடத்தில் பெயிண்ட் விரிசல்கூட இல்லாமல் ஒரே படலமாக இருந்தது, பெயிண்ட் அடித்த பிறகு அந்த நட்டில் ஸ்பேனரே படவில்லை. ரேக் எண்ட் மாற்ற வேண்டுமென்றால் அதை மூடியிருக்கும் ரப்பர் உறையான ரேக் பூட்டின் கிளிப்பைக் கழற்றாமல் முடியாதாம். அதுவும் துருப்பிடித்துப் பழையபடியே இருந்தது.

அன்றைக்குக் காட்டிய அந்தப் பழைய டை ராட் எண்டைக் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். என் வண்டியில் இருப்பதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். மரையே வேறு, தண்டும் தடிமன். யாரோ ஒருவருடைய வண்டியின் பழைய இரும்பைக் கையில் வைத்து என் குழந்தைகளைச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பாதி மாதச் சம்பளம்!

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். புதுப் பாகத்தின் டப்பாவைக் கேளுங்கள். ஸ்ப்ளிட் பின் புதிதா என்று பாருங்கள், பழையதை நிமிர்த்தித் திரும்பப் போடக் கூடாது. டை ராட் மாற்றினால் அலைன்மென்ட் கட்டாயம், அந்த ரிப்போர்ட் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.

வண்டி அலைன்மென்ட் கடையிலேயே நிற்கிறது. நான்கையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன், மீதிப் பாதிச் சம்பளத்தில்.