தோப்பா, பேரனா, ஓசூர் வேலையா, நூலகமா? ரிட்டயர் ஆனவனின் ஒப்பீடு

தபால் ஆபீஸ் கவுண்டரில் முப்பத்தாறு வருஷம் உட்கார்ந்தவன் நான், அதுவும் பெரும்பாலும் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி. நவம்பர் வந்தால் வாழ்நாள் சான்று கொடுக்க வரும் பென்ஷன்காரர்கள் வரிசை வாசல்வரை நிற்கும். சிலருக்குக் கைரேகை பதியவே பதியாது. வேட்டியில் துடைத்து வைப்பார், வேறு விரலை வைப்பார், ஊஹூம். மண்ணிலும் மாட்டிலும் தேய்ந்த விரல்கள். ஒரே அமுக்கில் பளிச்சென்று பதிகிறவர்களில் சிலர் வேலை முடிந்தும் போகமாட்டார்கள், "வீட்டுக்குப் போய் மட்டும் என்ன சார் பண்றது" என்று பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். 60 நெருங்க நெருங்க, நாம் அந்த பெஞ்சில் உட்காரப் போகிறோமோ என்ற பயம் எனக்கு வந்துவிட்டது.

இப்போது ரிட்டயர் ஆகி இரண்டரை வருஷம். நாலு வழிகளில் மூன்றை நானே செய்து பார்த்தேன், ஒன்றை என் சித்தப்பா மகன் செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். பணக் கணக்கை வைத்து மட்டும் ஒப்பிடப் போவதில்லை. இன்றைக்கு நான் போகவில்லை என்றால் "ஏன் வரல" என்று கேட்க ஆள் இருக்கிறதா, அதுதான் என் அளவுகோல்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது மாதாமாதம் பென்ஷன் வருகிறவனுடைய பேச்சு. கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களுக்குக் குறைந்தபட்சம் என்று 2014-ல் வைத்த தொகை 1,000 ரூபாய். அதை வாங்க வந்தவர்களை நான் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் போய் மனநிறைவு பற்றி அளக்க எனக்கு வாய் வராது.

சரி, தோப்பு. எங்கள் பக்கத்தில் யார் ரிட்டயர் ஆனாலும் முதல் யோசனை இதுதான். சித்தப்பா மகன் என்னைவிட மூன்று வயது மூத்தவர், போச்சம்பள்ளிப் பக்கம் மூன்று ஏக்கர் மா, எல்லாம் பெங்களூரா, அதாவது கிளிமூக்கு. ஆள் விடிகாலையில் தோப்பில் இருப்பார், சர்க்கரை அளவுகூட இறங்கியிருக்கிறது என்கிறார். ஆனால் பெங்களூரா நாம் வீட்டில் தின்னும் பழமில்லை, கூழ் ஆலைக்குப் போகிற காய். ஆலை வாங்கினால்தான் விலை. 2025 சீசனில் கிலோ விலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது பறிக்கிற கூலி, வண்டி வாடகை எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு அண்ணன் பாதிக் காயை மரத்திலேயே விட்டுவிட்டார். "தம்பி, பழுத்து விழற சத்தம் ராத்திரி கேக்குதுடா" என்றார். தோப்பு வீட்டில் ஒரு ராத்திரி படுத்து நானும் கேட்டேன், தொப்பென்று ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று.

மாவில் பல ரகம் ஒரு வருஷம் கொட்டிக் காய்த்தால் மறுவருஷம் அடங்கிவிடும், பூ எடுக்கும் நேரத்தில் தத்துப்பூச்சி வேறு. சந்தூரில் ஒட்டுச்செடி வாங்கி 60 வயதில் புதிதாக நட்டால், உருப்படியாகக் காய் பார்க்க நாலைந்து வருஷம் ஆகும். அப்பா காலத்து மரம் இருக்கிறவர்களுக்குத் தோப்பு நல்ல துணை. பி.எஃப். பணத்தை எடுத்து இப்போது புதிதாக நிலம் வாங்கி இறங்குகிறவர்களை நான் தடுப்பேன். என் அளவுகோலில்? மரம் உங்களைத் தேடாது. மாடு தேடும். பால் சொசைட்டி நேரம் தவறினால் மாடே கூப்பிடும், ஆனால் அப்புறம் ஒரு கல்யாணத்துக்குக்கூட ஊர் தாண்டிப் போக முடியாது.

அடுத்தது பேரன். மகள் பெங்களூரில், கிருஷ்ணகிரியில் இருந்து தொண்ணூறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஏழு மாதம் அங்கே இருந்தோம். பகல் பன்னிரண்டரைக்குப் பேரனைப் பள்ளியில் இருந்து கூட்டி வரவேண்டும், இரண்டு நிமிஷம் தாமதமானால் கேட்டருகே முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பான். எதிர்பார்ப்பு என்றால் இதைவிட என்ன வேண்டும்! ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், பன்னிரண்டரை வேலை மட்டும்தான் என்னுடையது. சமையல், ஊட்டுவது, குளிப்பாட்டுவது எல்லாம் வீட்டுக்காரம்மா தலையில். "உங்களுக்கு ரிட்டயர்மெண்ட், எனக்கு டிரான்ஸ்ஃபர்" என்றாள் ஒருநாள். தாத்தாக்கள் இந்த வழியைப் புகழ்ந்து பேசும்போது பக்கத்தில் இருக்கும் பாட்டியின் முகத்தையும் ஒருதரம் பாருங்கள். மீதி நேரத்துக்கு எனக்குத் துணை அபார்ட்மெண்ட் செக்யூரிட்டிதான், நம் மாவட்டத்து ஆட்களுக்குக் கன்னடமும் தெலுங்கும் கொஞ்சம் வரும் என்பதால் பிழைத்தேன். பேரன் முழுநாள் பள்ளிக்கு மாறியதும் அந்தப் பன்னிரண்டரையும் போய்விட்டது.

ஓசூர் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு கோடவுனில் பில் சரிபார்க்கிற வேலை, மாதம் பதினாலாயிரம். காலை ஆறரை மணி பஸ், கையில் டிபன் பாக்ஸ், சம்பளம் வந்த அன்று வீட்டுக்கு நிப்பட்டு, எல்லாம் பழையபடி இருந்ததில் ஒரு திருப்தி இருந்ததை மறைக்கமாட்டேன். ஐந்தாவது மாதம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வரி, நாளையில் இருந்து வரவேண்டாம் என்று. ஏன் என்றுகூட இல்லை. வருமானம் தேவைப்படுகிறவர்கள் கட்டாயம் போகலாம். பொழுதுபோக்குக்காகப் போகிறவர்கள், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டு வைத்தாலே என்ன வரும் என்று முதலில் பார்த்துவிடுங்கள். 2023-ல் உச்சவரம்பை 30 லட்சமாக்கினார்கள், 8.2 சதவீதத்தில் அது மூன்று மாதத்துக்கு 61,500 ரூபாய். முழுசும் போட எல்லோராலும் முடியாதுதான், அதில் பாதி போட்டால்கூட மாதம் பத்தாயிரம் வந்துவிடும், பஸ் பிடிக்காமலே.

கடைசி வழி நூலகம், நான் திட்டம் போட்டுப் போனதில்லை. பேப்பர் படிக்கத்தான் போனேன். அங்கே குரூப் 4 அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் தினமும் உட்கார்ந்திருப்பார்கள். 200 கேள்வியில் நூறு தமிழ், அதை ஒருமாதிரி சமாளித்துவிடுகிறார்கள், 25 கணக்குக் கேள்விகளில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாலக்கோட்டில் இருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பெண், 10,000 ரூபாய்க்கு 8 சதவீதத்தில் இரண்டு வருஷத்துக்குத் தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு என்பதில் நின்றுவிட்டது. வட்டி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆயிற்றே, காகிதத்தை வாங்கி வருஷவாரியாக எழுதிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்த பக்கத்துப் பையன், "சார், முதல் வருஷ வட்டி 800, அதுக்கு 8 சதவீதம் 64, முடிஞ்சுது" என்றான். முப்பத்தாறு வருஷம் வட்டி போட்டவனுக்கு இது தோன்றவில்லை! அசடு வழிந்தது, ஆனால் அடுத்த நாளும் போனேன்.

இப்போது செவ்வாய், வியாழன் சாயங்காலம் ஐந்தில் இருந்து ஆறரை வரை என் நேரம். சம்பளம் கிடையாது, பஸ் காசுகூடக் கையில் இருந்துதான். போன மாதம் காய்ச்சலில் ஒரு வியாழன் போகவில்லை, ஐந்தேகாலுக்கு போன் வந்துவிட்டது. குறையும் இருக்கிறது. பரீட்சை முடிந்தால் கூட்டம் கலைந்துவிடும், தேறினவர்களில் பாதிப்பேர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள், இரண்டு மூன்று மாதம் வெறும் நாற்காலிகளோடு உட்கார வேண்டியிருக்கும். அந்த மாதங்களில் நான் அண்ணன் தோப்புக்குப் போய்விடுகிறேன், கவாத்து, அதாவது கிளை வெட்டுகிற சமயத்தில் அவருக்கும் ஒரு கை கிடைத்தமாதிரி.

நாலில் எனக்கு இது முதலிடம், இரண்டாவது சொந்தத்தில் ஏற்கெனவே இருக்கும் மரம், மூன்றாவது பேரன், அதுவும் வீட்டுக்காரம்மா சம்மதித்தால். ஆபீசில் என் பழைய சகா ஒருவர் வரும் ஆனியில் ரிட்டயர் ஆகிறார். இப்போதே மாட்டுக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்கிறார். முதல் மூன்று மாதம் எதற்கும் முன்பணம் கொடுக்காதீர்கள், செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு நூலகம் பக்கம் வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவருக்குக் கணக்கு என்னைவிடச் சுமார்தான், தமிழ் இலக்கணம் நன்றாக வரும்.