வடசேரி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு: 'கெட்' பாடத்துக்காகவே போகலாம்

நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் நடக்கும் இந்த வகுப்பில் உருப்படியானது 'கெட்' (get) என்ற ஆங்கிலச் சொல்லுக்கான பாடம். 'கெட்'டுக்குப் பின்னால் ஒரு பொருளின் பெயர் வந்தால் கிடைப்பது: 'கெட் எ ஜாப்'. நிலை வந்தால் ஆவது: 'கெட் டயர்ட்'. இடம் வந்தால் போய்ச் சேர்வது: 'கெட் டு தக்கலை'. ஆனால் 'ஹோம்' முன்னால் 'டு' கூடாது. பலர் சறுக்குவது இங்கேதான்.

பஸ்ஸில் ஏற 'கெட் ஆன்', இறங்க 'கெட் ஆஃப்'. குனிந்து நுழையும் கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்', 'கெட் அவுட்'. இறங்குவதற்கு நம்மூரில் சொல்லும் 'கெட் டவுன்' நமக்குள் ஓடும், லண்டனில் உறுத்தும்.

குறை ஒன்று. சலூனில் முடி வெட்டினால் 'ஐ காட் மை ஹேர் கட்'. 'ஐ கட் மை ஹேர்' என்றால் கத்தரி நம் கையில். இந்த முக்கியமான இடத்தை அவசரமாக ஓட்டிவிடுகிறார்கள். கேட்டால் சொல்லித் தருவார்கள், கேளுங்கள்.