மணிக்கணக்கில் பணி அட்டவணை: எந்த மென்பொருள் எதுவரை தாங்கும்?

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் ஷட்டவுனில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்திவைக்கும் காலத்தில், ஒரு வெப்பப் பரிமாற்றியைப் பிரித்துச் சுத்தம் செய்யும் வேலையை எடுத்துக்கொள்வோம். குழாய்களில் பிளைண்ட் எனப்படும் அடைப்புத் தகடு போட 4 மணி நேரம், மூடியைக் கழற்ற 3 மணி நேரம், பண்டிலை (உள்ளே இருக்கும் குழாய்க் கட்டை) வெளியே இழுக்க 5 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், இரவு பகலாக வேலை நடக்கும் இடத்தில் இந்த மூன்றும் 12 மணி நேரத்தில், அதாவது ஒரே ஷிப்டில் முடிந்துவிடும். பண்டிலை இழுத்து முடித்த கிரேன் எத்தனை மணிக்கு அடுத்த பரிமாற்றிக்குப் போகலாம் என்பதுதான் அங்கே கேட்கப்படும் கேள்வி. அதற்கு அட்டவணை பதில் சொல்லியாக வேண்டும்.

இலவசமாகக் கிடைப்பதாலும் எளிமையாக இருப்பதாலும் பலர் முதலில் நாடுவது கேன்ட்புராஜெக்ட். அதில் காலத்தின் மிகச் சிறிய அலகு ஒரு நாள். எனவே மேற்சொன்ன மூன்று பணிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் அவை மூன்று நாள்களாக விரிகின்றன. ஒரு நாளை ஒரு மணி என்று பாவித்து அட்டவணை போடும் உத்தியைச் சிலர் பரிந்துரைப்பதுண்டு. ஆனால் திரையில் தெரியும் தேதிகளுக்கும் களத்தில் ஓடும் கடிகாரத்துக்கும் தொடர்பே இல்லாமல் போவதால், அந்த அட்டவணையைப் போட்டவரைத் தவிர வேறு எவராலும் அதைப் படிக்க இயலாது. வீடு கட்டுவது, கருத்தரங்கு நடத்துவது போன்ற நாள்கணக்கு வேலைகளுக்கு நல்ல மென்பொருளான அதை, மணிக்கணக்குக்கு இழுப்பது வீண் முயற்சி என்பதே என் கருத்து.

குழுக்களின் பணிகளைப் பதிந்து கண்காணிக்க உதவும் ஜிரா, ஓப்பன்புராஜெக்ட் ஆகிய மென்பொருள்களில் மணிக்கணக்கு உண்டு என்று சொல்பவர்கள் உழைப்பின் மதிப்பீட்டைக் குறிப்பிடுகிறார்கள். ஒரு பணிக்கு 3 மணி நேரம் பிடிக்கும் என்று அவற்றில் பதியலாம். ஆனால் பணியின் கெடு, நேரம் இல்லாமல் வெறும் தேதியாக மட்டுமே நிற்பதால், அந்த 3 மணி நேரம் காலையில் வருகிறதா, பிற்பகலில் வருகிறதா என்பது தெரியாது. மென்பொருள் எழுதும் குழுக்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது. கிரேனுக்குக் காத்திருப்பவர்களுக்குப் போதாது.

உண்மையான போட்டி மைக்ரோசாப்ட் புராஜெக்ட், பிரைமாவேரா பி6 (சுருக்கமாக பி6) ஆகிய இரண்டு அட்டவணை மென்பொருள்களுக்கு இடையில்தான். மைக்ரோசாப்ட் புராஜெக்ட் நிமிடம்வரை கணக்கிடும் ஆற்றல் உடையது. ஆனால் தொடக்க அமைப்பில் தேதியை மட்டும் காட்டி நேரத்தை மறைத்துவிடுவதால், உள்ளே மணிக்கணக்கு ஓடிக்கொண்டிருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தேதி வடிவத்தை நேரத்துடன் சேர்த்துக் காட்டும்படி மாற்றியவுடன்தான் ஒரு பணி மாலை 5 மணிக்கு முடிகிறதா, பகல் 12 மணிக்கு முடிகிறதா என்பது புலப்படும். அதன் பொது நாள்காட்டி காலை 8 முதல் 12 வரையும் பகல் 1 முதல் மாலை 5 வரையும் வேலை நேரம் என்று கொள்கிறது.

பிழைகள் அதிகம் நேர்வது இந்த நாள்காட்டியை மாற்றும் இடத்தில்தான். வேலை நேரத்தைத் தினமும் 10 மணி நேரமாக நாள்காட்டியில் மாற்றிவிட்டு, 'ஒரு நாளுக்கு எத்தனை மணி' என்று அமைப்புகளில் தனியாக இருக்கும் எண்ணை 8 என்றே விட்டுவிட்டால், 3 நாள் என்று உள்ளிடப்படும் பணியை மென்பொருள் 24 மணி நேரம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முழு நாள்களிலும் மூன்றாம் நாளின் முதல் 4 மணி நேரத்திலும் முடித்துவிடும். அடுத்த பணி அந்த நாளின் நடுவிலிருந்து தொடங்கும். தேதியை மட்டும் பார்ப்பவருக்குக் கணக்கு எங்கே பிசகியது என்று பிடிபடாது. வேலை நேரத்தைச் சொல்லும் நாள்காட்டியும் நாளை மணியாக மாற்றும் எண்ணும் வெவ்வேறு என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டு, கால அளவை எப்போதும் மணியிலேயே உள்ளிடுவது பாதுகாப்பான வழி.

பி6-இலும் இதே சிக்கல் உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியும்படி வெளிப்படுகிறது. அங்கே கால அளவுகள் மணியாகவே சேமிக்கப்படுகின்றன. நாளை மணியாக மாற்றும் எண் (இனி, மாற்று எண்) 8 ஆக இருக்கும்போது, 12 மணி நேர ஷிப்டில் செய்யும் ஒரு ஷிப்ட் வேலையை நாள்கணக்கில் காட்டச் சொன்னால் அது 1.5 நாள் என்று காட்டும். பார்த்தவுடனே ஏதோ சரியில்லை என்பது உறைக்கும். அதைவிட முக்கியமானது, மைக்ரோசாப்ட் புராஜெக்டில் ஒரு கோப்புக்கு ஒரே மாற்று எண்தான். பி6-இல் ஒவ்வொரு நாள்காட்டிக்கும் தனித்தனி மாற்று எண்ணை வைத்து, அதையே பயன்படுத்தும்படி நிர்வாக அமைப்பில் சொல்லலாம். 8 மணி நேரம் வேலை செய்யும் ஆய்வாளர்களும் 12 மணி நேர ஷிப்டில் இருக்கும் ஃபிட்டர்களும் ஒரே அட்டவணையில் வரும்போது இந்த வேறுபாட்டின் அருமை தெரியும். 'டேட்டா டேட்' எனப்படும் நிலவரத் தேதியுடன் நேரத்தையும் குறிக்க முடிவதால், காலை 8 மணிக்கு ஷிப்ட் மாறும்போது முடிந்தவற்றைப் பதிந்து, மீதி வேலை முழுவதையும் அந்த நேரத்துக்குப் பின் தள்ளிக் கணக்கிடலாம்.

ஆனால் ஓர் இடத்தில் மைக்ரோசாப்ட் புராஜெக்ட் முந்துகிறது. நீராவி பாய்ச்சிய கோபுரம் (ஆலையின் உயரமான கலன்) ஆறுவதற்குத் தேவைப்படும் 10 மணி நேரம் எந்த ஷிப்டையும் பார்ப்பதில்லை. மைக்ரோசாப்ட் புராஜெக்டில் அதை 'எலாப்ஸ்டு' மணி என்று குறித்தால் போதும், நாள்காட்டியைப் பொருட்படுத்தாமல் கடிகாரப்படி நகரும். பணிகளுக்கு இடையிலான இடைவெளியையும் அப்படியே குறிக்கலாம். பி6-இல் அதற்கென்று 24 மணி நேர நாள்காட்டியில் ஒரு தனிப் பணியைச் சேர்க்க வேண்டும். இடைவெளி எந்த நாள்காட்டியைப் பின்பற்றுவது என்பது கணக்கிடும்போது எல்லா இடைவெளிகளுக்கும் பொதுவாக ஒரே தேர்வுதான். ஆறும் நேரம், உலரும் நேரம் போன்றவை நிறைந்த வேலைகளில் இது தொல்லை தரும்.

விலை கொடுக்க இயலாத சிறு ஒப்பந்தக்காரர்களுக்கு 2012-இல் வெளிவந்த புராஜெக்ட்லிப்ரே கைகொடுக்கும். அது மைக்ரோசாப்ட் புராஜெக்டின் எம்பிபி கோப்புகளைத் திறக்கும். மணிக்கணக்கிலும் கால அளவை ஏற்கும். எம்பிபி வடிவில் திரும்பச் சேமிக்க முடியாது என்பதால், ஆலை நிர்வாகத்துக்கு எக்ஸ்எம்எல் என்ற பொதுக் கோப்பு வடிவம் வழியாகத்தான் கோப்பை அனுப்ப வேண்டும்.

பல ஷிப்டுகளும் பல ஒப்பந்தக்காரர்களும் சேரும் பெரிய ஷட்டவுனுக்கு நான் பி6-ஐயே தேர்வு செய்வேன். ஓரிரு நாள்களில் முடியும் சிறு பழுதுபார்ப்புக்கு மைக்ரோசாப்ட் புராஜெக்ட் போதும். எதைத் தேர்ந்தாலும், உண்மையான பணிகளை உள்ளிடும் முன் வெறும் '1 நாள்' என்று ஒரு சோதனைப் பணியைப் போட்டு, அது எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்று பாருங்கள். அந்த நேரம் உங்கள் ஷிப்ட் நேரத்தோடு பொருந்தாவிட்டால், நாள்காட்டியையும் மாற்று எண்ணையும் சரிசெய்த பிறகே மேலே செல்லுங்கள்.