மாத்திரையா, கேன் ஹைப்போவா? சென்னை வீட்டு நீச்சல் குளத்துக்கு எது சரி

நீச்சல் குளத்துக்குக் குளோரின் கேட்டால் கடைக்காரர் முதலில் எடுத்து வைப்பது டி.சி.சி.ஏ. 90 மாத்திரைதான் (டிரைகுளோரோஐசோசயனூரிக் அமிலம், 90 சதவீதக் குளோரின் சரக்கு). “மிதவையில போட்டு விட்டா ஒரு வாரம் கவலையில்ல சார்” என்பார். உண்மைதான், ஒரு வாரத்துக்குக் கவலையில்லை. ஆனால் மாத்திரை கரைந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலமாகத் தண்ணீரிலேயே தங்கிவிடும். ஸ்டெபிலைசர் என்று தனியாக விற்கிறார்களே, அதே பொருள். ஆகவே எந்தக் குளோரினை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: குளோரின் செலவான பிறகு தண்ணீரில் என்ன மிஞ்சுகிறது?

ஸ்டெபிலைசரே வேண்டாம் என்று சொல்லவில்லை. அது இல்லாத குளத்தில் உச்சி வெயில் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் பாதிக் குளோரின் போய்விடும். 30 முதல் 40 பி.பி.எம். (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) இருந்தால் வெயிலைத் தாங்கும். அதற்கு மேல் ஏற ஏற, அது குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு கிருமியைக் கொல்லும் வேகத்தைக் குறைக்கும். ஸ்டெபிலைசர் அளவில் சுமார் 7.5 சதவீதம் குளோரின் இருக்க வேண்டும் என்பது பழகிய கணக்கு. 40 இருந்தால் 3 போதும்; 100 இருந்தால் 7.5 வேண்டும். சோதனையில் 3 காட்டுகிறதே, பிறகு ஏன் ஓரமெல்லாம் பாசி வழுக்குகிறது என்று குழம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். கோடையில் நாளுக்கு 2 பி.பி.எம். குளோரின் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையில் அது சுமார் 90 கிராம். கூடவே நாளுக்கு 1.2 பி.பி.எம். ஸ்டெபிலைசர் ஏறும், மாதத்துக்கு 36. மார்ச்சில் 30-ல் ஆரம்பித்தால், பேக்வாஷில், அதாவது ஃபில்டரைக் கழுவும்போது, போவதைக் கழித்தாலும் மே முடிவதற்குள் 100-ஐத் தாண்டிவிடும். அது வெயிலில் ஆவியாகாது, ஃபில்டரிலும் நிற்காது. தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவதே வழி. 100-ஐ 70-க்கு இறக்க 12,000 லிட்டர் லாரி ஒன்று வேண்டும், அதுவும் கத்திரி வெயிலில். 2019-ல் ஏரிகள் வற்றிக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் இது. மாத்திரையின் உண்மையான விலையில் அந்த லாரித் தண்ணீரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேனில் வரும் லிக்விட் ஹைப்போவில், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில், இந்தத் தொல்லை கிடையாது. 10 சதவீதச் சரக்கு என்றால் அதே குளத்துக்கு நாளுக்கு 800 மில்லி. மிஞ்சுவது கொஞ்சம் உப்பு, அவ்வளவுதான். குறை என்னவென்றால், தினமும் ஊற்ற வேண்டும். சூட்டில் வீரியம் குறையும். மொட்டை மாடியில் வெயில் படும்படி வைத்த கேனை நம்பி அளவு ஊற்றாதீர்கள். நிழலில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். பொழுது சாய்ந்த பிறகு, பம்ப் ஓடும்போது, தண்ணீர் திரும்பி வரும் வாயருகே ஊற்றுவது நல்லது. இரவு முழுக்க வெயிலின் தொந்தரவில்லாமல் வேலை செய்யும். என் ஓட்டு இதற்குத்தான்.

கால்சியம் ஹைப்போகுளோரைட்டில் ஸ்டெபிலைசர் சேராது, கால்சியம் சேரும். போர் தண்ணீர் ஏற்கனவே கடினமாக இருக்கும் வீட்டில் டைல்ஸ் ஓரம் வெள்ளைப் படிவு கட்டும். பிளீச்சிங் பவுடரின் சுண்ணாம்பு வண்டலும் அப்படித்தான். வீட்டுக் குளத்துக்கு வேண்டாம். எஸ்.டி.ஐ.சி. (சோடியம் டைகுளோரோஐசோசயனுரேட்) பொடி சீக்கிரம் கரையும், ஆனால் அதே குளோரினுக்கு மாத்திரையைவிட அதிக ஸ்டெபிலைசரை விட்டுச்செல்லும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் இயந்திரம் வசதிதான். ஆனால் பி.எச். ஏறிக்கொண்டே இருக்கும், கடினத் தண்ணீரில் அதன் தகடுகளில் படிவு பிடிக்கும். அடிக்கடி கவனிக்க ஆள் இருந்தால் வாங்கலாம்.

எதை எடுத்தாலும் சோதனையில் கஞ்சத்தனம் கூடாது. மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. சொட்டு மருந்து, அழுக்கோடு சேர்ந்துவிட்டதையும் சேர்த்து மொத்தக் குளோரினைத்தான் சொல்லும். கிருமியைக் கொல்ல மிச்சமிருக்கும் குளோரினைத் தனியாகச் சொல்லும், இளஞ்சிவப்பு காட்டும் டி.பி.டி. சோதனை மருந்தை வாங்குங்கள். ஸ்டெபிலைசருக்குக் கருப்புப் புள்ளிக் குழாய் உண்டு. மருந்து கலந்து வெள்ளையாகக் கலங்கிய தண்ணீரைக் குழாயில் மெதுவாக ஊற்றி, மேலிருந்து பார்க்கும்போது அடியிலுள்ள புள்ளி எந்தக் கோட்டில் மறைகிறதோ அதுதான் அளவு. வெளிச்சம் நன்றாக இருக்கும்போது செய்யுங்கள். இன்னொன்று: மாத்திரையையும் ஹைப்போவையும் ஒரே வாளியிலோ ஒரே மிதவையிலோ சேர்க்கவே கூடாது. நச்சு வாயு கிளம்பும். கால்சியம் ஹைப்போவாக இருந்தால் வெடிக்கவும் செய்யும். ஆசிட்டையும் தள்ளியே வையுங்கள்.

ஏற்கனவே 100-ஐத் தாண்டியவர்கள், பாசி இல்லாமல் சமாளிக்க முடிந்தால், லாரிக்குப் பணம் கட்டாமல் ஐப்பசி வரை பொறுக்கலாம். அதுவரை ஹைப்போவுக்கு மாறி, குளோரினை உயர்த்தியே வைத்திருங்கள். அடைமழைக்கு முன் 30 சென்டிமீட்டர் இறக்கி விட்டால் கிட்டத்தட்ட கால் பங்கு தண்ணீர் போகும், மழை நிரப்பிக் கொடுக்கும். முழுக்கக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் ஏறும் நேரத்தில் வெறும் குளத்தை அது கீழிருந்து தூக்கிவிடக்கூடும். மழை விட்டதும் அளந்து பாருங்கள். 30-க்குக் கீழே வந்திருந்தால் அப்போது சில நாள் மாத்திரை போட்டுக்கொள்ளலாம்.