பழையபேட்டை பேட்டரி வண்டிப் பட்டறை: மீட்டரை நம்பும் மெக்கானிக்

காவேரிப்பட்டணத்தில் தெரிந்தவர் ஒருவரிடம், மூன்று ஆண்டுகள் ஓடிய பேட்டரி வண்டி ஒன்றைத் தை மாதம் வாங்கினேன். மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டாத, பதிவெண் தேவைப்படாத வகை. சீட்டுக்கு அடியில் 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிகள் ஐந்து, வரிசையாக இணைக்கப்பட்டு 60 வோல்ட் தருகின்றன. சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, கிருஷ்ணகிரியில் எங்கள் தெருவுக்குத் திரும்பும் மேட்டில் பாதி தூரம் ஏறியதும், விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே நின்றுவிடும். சாவியை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். முதலில் காட்டிய கடையில் வண்டியைத் திறக்காமலேயே, மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது என்றார்கள். பேட்டரிகளையும் மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல் ஆகும் செலவு அது.

பழையபேட்டையில் பெயர்ப்பலகைகூட இல்லாத இந்தச் சிறு பட்டறைக்கு அதன் பிறகுதான் போனேன். மெக்கானிக் முப்பது வயதுக்குள் இருப்பார். வண்டியை வாங்கியதும் எந்தப் பாகத்தையும் கழற்றாமல், "எப்ப நிக்குது சார், மேட்டுல மட்டுமா, பிரேக் புடிச்சதுக்கு அப்புறமுமா?" என்று கேட்டார். பிரேக் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் லிவருக்குள் இருக்கிறது; அது ஒட்டிக்கொண்டாலும் வண்டி இப்படித்தான் நிற்குமாம். அதன் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தார்; அப்போதும் நின்றது.

அடுத்து மல்டிமீட்டரில் பேட்டரிகளைத் தனித்தனியே அளந்தார். ஐந்தும் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டின. முதல் கடைக்காரர் அளந்திருந்தால்கூட இங்கே ஏமாந்திருப்பார் என்று நினைக்கிறேன், ஏனெனில் சும்மா இருக்கும் பேட்டரி எப்போதும் நல்ல பிள்ளையாகவே நடந்துகொள்ளும். இவர், பேட்டரியிலிருந்து அதிக மின்சாரத்தை இழுத்துச் சோதிக்கும் லோடு டெஸ்டரைக் கொண்டுவந்து கவ்வியை மாட்டினார். அதன் கம்பிச்சுருள் சூடேறி வாடை அடிக்க, நான்கு பேட்டரிகள் 11 வோல்ட்டுக்கு மேலேயே நிற்க, மூன்றாவதாக இருந்தது மட்டும் சில நொடிகளில் 8-க்குக் கீழே சரிந்தது. மேட்டில் மோட்டார் அதிக ஆம்பியர் இழுக்கும்போது இந்த ஒன்று சரிவதால் மொத்த வோல்ட்டேஜ் ஏறக்குறைய 52-க்கு இறங்குகிறது. பேட்டரிகளைக் காப்பாற்றுவதற்காக அந்த அளவில் கன்ட்ரோலரே மோட்டாரை நிறுத்திவிடுகிறது. இழுவை நின்றதும் வோல்ட்டேஜ் மீண்டும் ஏறிவிடும், வண்டியும் கிளம்பிவிடும். பழுது என்று சொல்லப்பட்ட கன்ட்ரோலர் உண்மையில் தன் வேலையைத்தான் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

அதோடும் அவர் விடவில்லை. பேட்டரிப் பெட்டியிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் கனெக்டரைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சூடாக இருந்தது. பிரித்தபோது உள்ளே ஒரு பின் கறுத்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. அந்த ஓர் இணைப்பிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் வீணாவதை மீட்டரில் காட்டினார். சார்ஜரையும் அளந்து, 73 வோல்ட் வருகிறது, அதில் குறையில்லை என்றார்.

கனெக்டரை மாற்றவும் கூலிக்கும் சேர்த்து 450 ரூபாய். பேட்டரியைப் பொறுத்தவரை, பழைய நான்கோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தால் சார்ஜ் ஏறுவதும் இறங்குவதும் ஒத்துப்போகாது என்று சொல்லி, ஏறத்தாழ அதே வயதுள்ள, டெஸ்டரில் தேறிய பழைய பேட்டரி ஒன்றை 1,200 ரூபாய்க்குப் போட்டார். இது தற்காலிக ஏற்பாடுதான், ஆறேழு மாதத்தில் செட்டாக மாற்றவேண்டி வரலாம் என்பதை அவரே முன்கூட்டிச் சொல்லிவிட்டார். மூன்று வாரமாக அதே மேட்டில் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை.

குறைகளும் உண்டு. கேட்டாலும் பில் தருவதில்லை. பழைய பேட்டரிக்கு ஒரு மாத உத்தரவாதம் என்பது வாய்ச்சொல்தான். மாலையில் தருவதாகச் சொன்ன வண்டி மறுநாள் மதியம்தான் கைக்கு வந்தது. லித்தியம் பேட்டரியை அவர் திறப்பதே இல்லை, கம்பெனிக்கே அனுப்பிவிடுகிறார். இதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. போகிறவர்கள் சார்ஜரையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள், அது இல்லாமல் வரும் வண்டியில் அவர் கைவைப்பதில்லை.