கண்டி மார்க்கெட் பக்கத்துப் பழைய காசுக் கடையில 2 யூரோ செட் வாங்கினேன்

நம்ம மத்திய வங்கி மாவட்டத்துக்கு ஒன்னுன்னு விட்ட 10 ரூபா காசு 25ஐயும் பஸ் கண்டக்டர்கிட்ட கேட்டுக் கேட்டு சேர்த்தவங்க ஹட்டன், நுவரெலியா பக்கம் நெறைய பேரு இருக்கீங்க, உங்களுக்குத்தான் முக்கியமா எழுதுறேன். அதுல நாடு ஒன்னு, காசு மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். இந்த 2 யூரோ பொது வெளியீடுன்னா யூரோ புழங்குற நாடெல்லாம் ஒன்னா சேர்ந்து விடுற நினைவுக் காசு, அதுல படம் ஒன்னேதான், நாட்டுப் பேரும் மொழியும் மாறும். 2007, 2009, 2012, 2015, 2022ல அப்படி விட்டிருக்காங்க.

நான் எடுத்தது 2007 செட், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளம் போட்ட ரோம் ஒப்பந்தத்துக்கு 50 வருஷம் ஆனதுக்கு விட்டது, 13 நாடு. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப் புத்தகம், அதுக்குக் கீழ மைக்கலாஞ்சலோ வடிவமைச்ச ரோம் சதுக்கத்துத் தரையோட கோலம், அவ்வளவு சின்ன காசுல அந்தக் கோடெல்லாம் தெளிவா விழுந்திருக்கு பாருங்க, பார்த்துக்கிட்டே இருக்கலாம். 2009 காசும் கடையில இருந்துச்சு, கோடு கோடா வரைஞ்ச மனுசன் யூரோ அடையாளத்தோட சேர்ந்து நிப்பாரு, சின்னப் புள்ள வரைஞ்சதுன்னு சிலர் சொல்றாங்க, எனக்கு அதுதான் புடிச்சிருக்கு, பண்டமாற்றுக் காலத்துல இருந்து வந்த கதைய ஒரே கோட்டுல சொல்லிட்டாங்க.

கடைக்கார அண்ணன் ரொம்ப பொறுமையான ஆளு, லென்ஸ் கையில குடுத்து ஓரத்த பாருங்கன்னு அவரே சொன்னாரு. அதுதான் முக்கியம், படம் ஒன்னா இருந்தாலும் ஓரத்து எழுத்து நாட்டுக்கு நாடு வேற, ஜெர்மனியில ஒற்றுமை, நீதி, சுதந்திரம்னு இருக்கும், நெதர்லாந்துல கடவுள் நம்மோட இருக்கட்டும்னு இருக்கும், லக்ஸம்பர்க் காச கொஞ்சம் சாய்ச்சுப் பிடிச்சா அப்ப அந்த நாட்டுல இருந்த கோமகன் முகம் தெரியும். ஜெர்மனி மட்டும் ஏ, டி, எஃப், ஜி, ஜேன்னு எழுத்து போட்டு 5 நாணயச்சாலையில அடிக்கிறதால முழுசா சேர்க்கணும்னா 17 காசு வேணும், செட் வாங்க முன்ன எத்தனை காசுன்னு கட்டாயம் கேளுங்க. ஆன்லைன்ல முன்ன ஒருத்தர்கிட்ட வாங்கினது பாலிஷ் போட்டுத் தேய்ச்சு அனுப்பியிருந்தாங்க, மினுங்குச்சு, ஆனா கோடெல்லாம் போயிருச்சு. இங்க அந்த வேலை இல்ல, புழங்கின காசு புழங்கினபடியே இருக்கு, வெலையும் நியாயம்.

கொறைன்னா ஆல்பம்தான். மெத்துன்னு இருக்கிற பிவிசி பிளாஸ்டிக் தாள்ல போட்டுத் தர்றாரு, நம்ம மலைநாட்டு ஈரத்துக்கு அது சரிவராது, நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு படிஞ்சிரும். காச மட்டும் எடுத்துக்கிட்டு 26 மில்லிமீட்டர் கேப்ஸ்யூல், அதாவது ஒரு காசு போட்டு மூடுற வட்டப் பிளாஸ்டிக் கூடு, தனியா வாங்குங்க, காசு 25.75 மில்லிமீட்டர், கச்சிதமா உக்காரும், டப்பாவுக்குள்ள ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா பாக்கெட் ரெண்டும் போட்டு வைங்க. அண்ணன்கிட்டயும் சொன்னேன், அடுத்த தடவ கேப்ஸ்யூல் எடுத்து வைக்கிறேன்னு சொல்லியிருக்காரு.